துப்பாக்கிக்கு ஒரு பட்டா

1963-ம் ஆண்டு, நவம்பர் 22-ந் தேதி.

அமெரிக்காவில் உள்ள டாலஸ் நகரத்துக்கு ஜனாதிபதி கென்னடி வந்திருந்தார். திறந்த காரில் ஊர்வலமாகப் போனார். பக்கத்தில் அவருடைய மனைவி இருந்தார். தெருவின் இரு புறமும் மக்கள் நின்று கை அசைத்தார்கள்.

துப்பாக்கி வெடித்தது. கென்னடி சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் உயிர் பிரிந்தது.

தெரு ஓரத்துக் கட்டிடம் ஒன்றின் மேல் தளத்தில் ஒரு துப்பாக்கி கிடந்தது. அதில் ஒரு நம்பர் பொறிக்கப்பட்டு இருந்தது. துப்பு துலக்குகிறவர்கள் அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதை வெளிநாட்டில் இருந்து வரவழைத்தவர் யார்? அவர் யாருக்கு விற்றார்? சிகாகோ நகரத்தில் உள்ள ஒரு கடைக்கு விற்றார். அந்தக் கடையில் இராத்திரி முழுவதும் பழைய கணக்கைப் புரட்டினார்கள். விடிவதற்குள் சீட்டு கிடைத்துவிட்டது.

தபாலில் பணம் அனுப்பி, தபாலிலேயே வாங்கிய துப்பாக்கி அது. விலை, தபால் செலவு உள்பட 21 டாலர் 45 செண்டு. வாங்கியவன் பொய்ப் பெயர் கொடுத்து இருந்தான். ஆனால் கையெழுத்து பொய் சொல்லவில்லை. அது ஆஸ்வால்டு என்பவனின் கையெழுத்து.

கடைக்காரர் ஒரு சிறு சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். அதனால் துப்பாக்கிக்கும் ஆஸ்வால்டுக்கும் உள்ள தொடர்பு மறுநாளே வெளிப்பட்டது.

"அப்படியானால், எல்லாத் துப்பாக்கிகளையும் ஒரே ஏட்டில் பதிந்து வைத்தால் என்ன?" என்று அமெரிக்காவில் பலர் கேட்டார்கள்.

"கூடாது! கூடவே கூடாது!" என்று துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள்.

அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

என்ன பயம்?

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் கொலைகாரர்களா? இல்லை.

அமெரிக்காவில் விவசாயி வைத்திருக்கிறார். வேட்டைக்குப் போகிறவர் வைத்திருக்கிறார். ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தனியாகக் குடியிருக்கும் பெண் வைத்திருக்கிறாள். தாத்தாவின் துப்பாக்கியைப் பேரன் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறான்.

மக்களிடம் உள்ள துப்பாக்கிகளை 2017-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. அமெரிக்காவில் மட்டும் 39 கோடிக்கு மேல் இருந்தன. அந்த நாட்டின் ஜனத்தொகையே அப்போது 33 கோடிக்குக் குறைவு! தலைக்கு ஒன்று கொடுத்தாலும் மிச்சம் இருக்கும்.

ஆயுதம் வைத்திருப்பது மக்களின் உரிமை என்று அமெரிக்காவின் அரசியல் சட்டத்தில் 1791-ம் ஆண்டு எழுதி வைத்தார்கள். வெள்ளைக்கார ராஜாவின் பட்டாளத்தோடு சண்டை போட்டு விடுதலை வாங்கிய நாடு அது. சர்க்காரின் கை ஓங்கிவிடக்கூடாது என்ற எண்ணம் அந்த மக்களின் ரத்தத்தில் ஊறியது.

அவர்களுடைய பயத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். "இன்று பெயரை எழுதிக்கொள்வார்கள். நாளை அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள்."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிப்பது தவறு. இந்தப் பயம் காரணம் இல்லாமல் வந்தது அல்ல.

பயம் வந்த வழி

அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டை முடிந்து, அடிமைகளாக இருந்த நீக்ரோ மக்கள் விடுதலை பெற்றார்கள். 1865-ம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. விடுதலை பெற்ற நீக்ரோ, பட்டாளத்தில் இல்லாவிட்டால், லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்பது சட்டம். லைசென்சு கொடுப்பது யார்? வெள்ளைக்கார அதிகாரிகள்!

1956-ம் ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் வீட்டின் மீது வெடிகுண்டு வீசினார்கள். உள்ளே அவருடைய மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். தெய்வாதீனமாகத் தப்பினார்கள். காவலுக்குத் துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி வேண்டும் என்று கிங் மனு போட்டார். கிடைக்கவில்லை.

கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் இஷ்டம் என்று விட்டுவிட்டால், அந்த அதிகாரம் யார் மீது பாயும்? ஏழை மீதும் எளியவன் மீதும்தான் பாயும்.

நியூயார்க் நகரத்தின் கதை இன்னொரு விதம். அங்கே 1967-ம் ஆண்டு நீளத் துப்பாக்கிகளைப் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் வந்தது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் பதிவு செய்தார்கள். 1991-ம் ஆண்டு சில வகைத் துப்பாக்கிகளுக்கு நகரசபை தடை போட்டது. பதிவு ஏட்டைப் பார்த்துக் கடிதம் போயிற்று. "ஒப்படைத்துவிடு, அல்லது நகரத்துக்கு வெளியே அனுப்பிவிடு, அல்லது சுட முடியாதபடி செய்துவிடு" என்று சொன்னார்கள்.

கடிதம் யாருக்கு வந்தது? ஒழுங்காகப் பதிந்தவருக்கு வந்தது. பதியாமல் ஒளித்து வைத்தவனுக்கு வரவில்லை. நல்லவனுக்குக் கோபம் வராதா?

ஜெர்மனியையும் அவர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். 1938-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில், யூதர்கள் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது என்று ஹிட்லர் சர்க்கார் உத்தரவு போட்டது. இது உண்மைதான்.

ஆனால் அதற்கு முன்பே என்ன நடந்தது? 1933-ல் யூதர்களின் சர்க்கார் உத்தியோகம் போயிற்று. 1935-ல் குடி உரிமை போயிற்று. அவர்களுக்காகப் பேசப் பத்திரிகை இல்லை. வழக்குப் போட்டால் கேட்க நியாயமான கோர்ட்டு இல்லை. நியாயம் முதலில் போயிற்று. துப்பாக்கி பிறகுதான் போயிற்று.

ஆகவே, காப்பாற்ற வேண்டியது முதலில் நியாயத்தை.

பெயர் தேட முடியாத ஏடு

1968-ம் ஆண்டு அமெரிக்காவை உலுக்கிய ஆண்டு. ஏப்ரல் மாதம் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக்கொன்றார்கள். ஜூன் மாதம் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடியைச் சுட்டுக்கொன்றார்கள்.

எல்லாத் துப்பாக்கிகளையும் பதிவு செய்ய வேண்டும் என்று ஜனாதிபதி ஜான்சன் கேட்டார். பார்லிமெண்டு இணங்கவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி விற்பதைத் தடுத்தது. "பதிவு இல்லாமல் போயிற்றே" என்று ஜான்சன் வருத்தத்தோடு கையெழுத்துப் போட்டார்.

1986-ம் ஆண்டு இன்னொரு சட்டம் வந்தது. மத்திய சர்க்கார் துப்பாக்கிப் பதிவு ஏடு வைக்கக்கூடாது என்று அது சொல்லிவிட்டது.

அதன் பலனைப் பார்க்க மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊருக்குப் போக வேண்டும். அது மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறது. கொலை நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், போலீசார் அங்கே உள்ள ஆபீசுக்குத்தான் நம்பரை அனுப்புகிறார்கள். ஆபீசில் உள்ளவர்கள் துப்பாக்கி செய்த கம்பெனியைக் கேட்கிறார்கள். பிறகு மொத்த வியாபாரியைக் கேட்கிறார்கள். பிறகு சில்லறைக் கடைக்காரரைக் கேட்கிறார்கள். கடைக்காரர் தன் சீட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கடையை மூடிவிட்டவர்களின் சீட்டுகள் பெட்டி பெட்டியாக அந்த ஆபீசுக்கே வந்து சேருகின்றன. அவற்றைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் வாங்கியவரின் பெயரைத் தட்டினால் உடனே காட்டும்படி கம்ப்யூட்டரில் ஏற்றக்கூடாது. ஊழியர்கள் பக்கம் பக்கமாகக் கண்ணால் தேடுகிறார்கள்.

கம்ப்யூட்டருக்குப் பேர்போன நாட்டில் இந்த நிலைமை! காரணம் என்ன? பயம்தான்.

ஏடு இல்லாமலே பறிமுதல்

ஏடு இல்லாவிட்டால் பறிமுதல் நடக்காதா? இதற்கும் அமெரிக்காவிலேயே பதில் இருக்கிறது.

2005-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் "கத்ரினா" என்ற பெரும் புயல் அடித்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கரைகள் உடைந்தன. நகரத்தின் பெரும் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. கடைகளில் கொள்ளை நடந்தது. "போலீசார் தவிர வேறு யாரிடமும் ஆயுதம் இருக்கக்கூடாது" என்று போலீஸ் தலைவர் அறிவித்தார். நல்லவன், கெட்டவன் என்று பார்க்காமல் துப்பாக்கிகளைப் பிடுங்கினார்கள்.

அந்த ஊர் இருக்கும் லூசியானா மாநிலத்தில் சாதாரணத் துப்பாக்கிகளுக்குப் பதிவு ஏடு கிடையாது. ஆனாலும் துப்பாக்கி பறிபோயிற்று. பிடுங்க நினைக்கிறவனுக்கு ஏடு தேவை இல்லை. கதவைத் தட்டினால் போதும்.

பிறகு துப்பாக்கிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். திருப்பிக் கொடுக்கும்படி ஆயிற்று. போய்க் கேட்டார்கள். அப்போது நகர அதிகாரிகள், "இது உன்னுடையதுதான் என்பதற்கு அத்தாட்சி எங்கே?" என்று கேட்டார்கள். வாங்கிய சீட்டு இருக்கிறதா? நம்பர் தெரியுமா? வெள்ளத்தில் வீடே போனவனிடம் சீட்டு எங்கே இருக்கும்?

இதில் ஒரு பாடம் இருக்கிறது. நிலத்துக்குப் பட்டா இருந்தால், ஆக்கிரமித்தவனிடம் இருந்து மீட்கலாம். பட்டா இல்லாவிட்டால், சொந்த நிலத்துக்கே சாட்சி தேட வேண்டும். துப்பாக்கியும் அப்படித்தான். எந்த ஏட்டைக் கண்டு பயந்தார்களோ, அந்த ஏடு இருந்திருந்தால் அவர்களுக்கே சாட்சியாக நின்றிருக்கும்.

அமெரிக்கப் பார்லிமெண்டு 2006-ம் ஆண்டு ஒரு நல்ல காரியம் செய்தது. புயல், வெள்ளம் போன்ற ஆபத்துக் காலத்தில், சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கிகளைப் பறிக்கக்கூடாது என்று சட்டம் செய்தது. பறிக்கும் கையைச் சட்டம் கட்டிப்போட்டது. பயத்துக்குச் சரியான மருந்து இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயந்திரத் துப்பாக்கிகளை அமெரிக்கா 1934-ம் ஆண்டு முதல் பதிவு செய்து வருகிறது. 1986-ல் புதிய இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பது தடுக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பு பதிந்தவை பறிபோகவில்லை. பதிந்தவர்கள் இன்றும் சட்டப்படி வைத்திருக்கிறார்கள். மத்திய சர்க்காரின் ஏட்டில் 90 ஆண்டுகளாகப் பெயர் இருக்கிறது. வீட்டுக் கதவை யாரும் உடைக்கவில்லை.

கனடா அழித்த ஏடு

அமெரிக்காவின் பக்கத்து நாடு கனடா. 1989-ம் ஆண்டு டிசம்பர் மாதம், மாண்ட்ரியல் நகரத்து என்ஜினீயரிங் கல்லூரியில் ஒருவன் புகுந்தான். பெண்களைத் தேடித் தேடிச் சுட்டான். 14 பெண்கள் மாண்டார்கள். நாடே கதறியது.

1995-ம் ஆண்டு கனடா சர்க்கார் சட்டம் கொண்டுவந்தது. வேட்டைத் துப்பாக்கி உள்பட எல்லாவற்றையும் பதிய வேண்டும் என்று சொன்னது. "கட்டணம் வசூல் ஆகும். சர்க்கார் கையில் இருந்து போவது 20 லட்சம் டாலர்தான்" என்று கணக்குக் காட்டியது.

என்ன ஆயிற்று? 2002-ம் ஆண்டு தணிக்கை அதிகாரி கணக்கைப் பார்த்தார். செலவு 100 கோடி டாலரை எட்டப் போகிறது என்று சொன்னார். விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் கொதித்தார்கள். "20 லட்சம் என்று சொன்னது பொய்யானால், பறிமுதல் இல்லை என்று சொல்வது மட்டும் மெய்யா?" என்ற சந்தேகம் வளர்ந்தது.

2012-ம் ஆண்டு வேட்டைத் துப்பாக்கிகளின் ஏட்டையே ஒழித்துவிட்டார்கள். "வேண்டாம், எங்களுக்குத் தேவை" என்று போலீஸ் தலைவர்கள் சொன்னார்கள். கேட்கவில்லை. "எங்கள் பகுதியின் ஏட்டையாவது கொடுங்கள்" என்று கியூபெக் மாகாணம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2015-ல் 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 நீதிபதிகள் மறு பக்கம். கியூபெக் தோற்றது.

2020-ம் ஆண்டு ஏப்ரலில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் ஒருவன் 22 பேரைக் கொன்றான். அவனிடம் லைசென்சு இல்லை. அமெரிக்காவில் இருந்து கடத்தி வந்த துப்பாக்கிகளும் அவனிடம் இருந்தன. அடுத்த மாதமே சுமார் 1,500 வகைத் துப்பாக்கிகளுக்குச் சர்க்கார் தடை போட்டது. "பார்த்தாயா? நாங்கள் சொன்னோமே!" என்றார்கள் பயந்தவர்கள்.

கனடாவின் ஏட்டைக் கெடுத்தது எது? முதலில் தப்புக் கணக்கு. பிறகு அதனால் வந்த அவநம்பிக்கை.

ஆஸ்திரேலியா கொடுத்த விலை

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது.

1996-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி, போர்ட் ஆர்தர் என்ற ஊரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக்கொன்றான். ஜான் ஹோவர்டு பிரதம மந்திரியாகிச் சில வாரங்களே ஆகி இருந்தன. இரண்டு வாரத்துக்குள் எல்லா மாநிலங்களையும் கூட்டி முடிவு எடுத்தார்.

அவர் எதையும் மறைக்கவில்லை. "வேகமாக அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிகள் கூடாது. அவற்றைச் சர்க்கார் வாங்கிக்கொள்ளும். விலை கொடுக்கும். மற்றவற்றைப் பதிந்து லைசென்சோடு வைத்துக்கொள்ளலாம்" என்று வெளிப்படையாகச் சொன்னார்.

விலை கொடுக்கப் பணம்? அதற்காகவே நாட்டு மக்கள் மீது ஒரு சிறு வரி போட்டார்கள். சுமார் 6½ லட்சம் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. அவற்றை நொறுக்கினார்கள்.

அந்த நாட்களில் ஒரு சம்பவம். துப்பாக்கிக்காரர்களின் கூட்டத்தில் ஹோவர்டு பேசப் போனார். கோட்டுக்கு உள்ளே குண்டு துளைக்காத கவசம் போட்டுக்கொண்டு போனார். அது வெளியே தெரிந்துவிட்டது. கூட்டத்தில் இருந்தவர்கள் புண்பட்டார்கள். அப்படிப் போனது தவறு என்று ஹோவர்டு பிற்காலத்தில் வருந்தினார்.

பயம் இரு பக்கமும் இருந்தது. சர்க்காரைக் கண்டு குடிமகன் பயந்தான். குடிமகனைக் கண்டு சர்க்கார் பயந்தது. ஆனால் பேச்சில் ஒளிவு மறைவு இல்லை. எடுத்ததற்கு விலை கொடுத்தார்கள். அதனால் காரியம் நடந்தது.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

ஏடு எதற்கு? கொலை நடந்த பிறகு துப்பு துலக்க மட்டுமா? இல்லை. கொலை நடக்காமல் தடுக்கவும் தேவை.

குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறான் ஒருவன். "உன்னைச் சுட்டுவிடுவேன்" என்று மிரட்டுகிறான். மனைவியையோ பிள்ளைகளையோ அடித்துத் தண்டனை பெற்றவன் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்று அமெரிக்காவில் 1996-ம் ஆண்டு சட்டம் வந்தது. இப்படி மிரட்டுகிறவனிடம் இருந்து காப்பாற்றக் கோர்ட்டு உத்தரவு போட்டால், அந்த உத்தரவு உள்ளவரை அவன் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. இது சரிதான் என்று சுப்ரீம் கோர்ட்டு 2024-ல் தீர்ப்புக் கூறியது. 9 நீதிபதிகளில் 8 பேர் ஒரே கருத்து.

சட்டம் இருக்கிறது. தீர்ப்பு இருக்கிறது. ஆனால் அவன் வீட்டில் எத்தனை துப்பாக்கி இருக்கிறது? ஒன்றா? மூன்றா? பரண் மேல் ஒன்று இருக்கிறதா? ஏடு இல்லாத ஊரில் போலீசாருக்குத் தெரியாது. "ஒன்றுதான் ஐயா" என்று அவன் நீட்டினால் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அன்று இரவு அந்தப் பெண் எப்படித் தூங்குவாள்?

கலிபோர்னியா மாநிலத்தில் விற்பனைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் தகுதியை இழந்தவர்கள் யார் என்று அந்தக் கணக்கோடு ஒத்துப் பார்க்கிறார்கள். பிறகு அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். எல்லோர் வீட்டுக்கும் போவது இல்லை. யார் வீட்டுக்குப் போக வேண்டுமோ, அங்கே போகிறார்கள்.

ஏடு இருந்தால்தான் நல்லவனை விட்டுவிட்டுக் கெட்டவனை மட்டும் தேட முடியும்.

இந்தியாவின் அனுபவம்

இந்தியாவுக்கும் இது புதிய கதை அல்ல. 1878-ம் ஆண்டு வெள்ளைக்கார சர்க்கார் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியனுக்கு லைசென்சு வேண்டும்; வெள்ளைக்காரனுக்கு வேண்டாம் என்று வைத்தது. அந்த ஓரவஞ்சனை மக்கள் மனத்தைப் புண்படுத்தியது.

சுதந்திரம் வந்த பிறகு, 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் செய்தார்கள். லைசென்சு இன்றும் வேண்டும். ஆனால் வெள்ளைக்காரன், இந்தியன் என்ற பேதம் இல்லை.

தேர்தல் வந்தால், லைசென்சுக்காரர்கள் பலர் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கிறார்கள். ரசீது வாங்குகிறார்கள். தேர்தல் முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறுகிறார்கள். கொடுத்த பொருள் திரும்பி வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் ஏட்டில் உள்ள நம்பரும் கையில் உள்ள ரசீதும்தான்.

என்ன செய்ய வேண்டும்?

காருக்கு நம்பர் உண்டு. வீட்டுக்கு நம்பர் உண்டு. நிலத்துக்குப் பட்டா உண்டு. உயிரைக் குடிக்கும் துப்பாக்கிக்கு மட்டும் கணக்கு வேண்டாம் என்பது நியாயம் ஆகாது. துப்பாக்கிகளைப் பதிவு செய்யத்தான் வேண்டும்.

ஆனால், "பதிவு செய்" என்று சொல்லும் சர்க்காருக்கும் கடமை உண்டு.

எதை வைத்துக்கொள்ளலாம், எது கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெயரை வாங்கிக்கொண்ட பிறகு சட்டத்தை மாற்றினால், அடுத்த முறை எவனும் உண்மையான பெயரைக் கொடுக்கமாட்டான்.

எடுத்தால் ரசீது கொடுக்க வேண்டும். சட்டப்படி வைத்திருந்தவனுக்கு உரிய விலை கொடுக்க வேண்டும்.

ஏட்டை யார் திறக்கலாம், எதற்காகத் திறக்கலாம் என்று சட்டம் சொல்ல வேண்டும். மீறித் திறக்கும் அதிகாரிக்குத் தண்டனை இருக்க வேண்டும்.

குறை இருந்தால் ஏழையும் போய்ச் சொல்லக்கூடிய கோர்ட்டு வேண்டும். மார்ட்டின் லூதர் கிங்குக்கு நடந்தது இன்னொருவனுக்கு நடக்கக்கூடாது.

துப்பாக்கி வைத்திருப்பவர்களும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏடு இல்லாத நியூ ஆர்லியன்சில்தான் துப்பாக்கி பறிபோயிற்று. அத்தாட்சி இல்லாமல் அலைந்தவர்கள் துப்பாக்கிக்காரர்கள்தான். அவர்களுக்குக் காவல் சட்டமும் கோர்ட்டும். அந்தக் கோர்ட்டில் காட்டுவதற்குக் கையில் ஒரு பட்டா வேண்டும்.

அன்று சிகாகோ கடைக்காரர் ஒரு சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். அந்தச் சீட்டு நல்லவர் ஒருவருக்கும் தீங்கு செய்யவில்லை. பொய்ப் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனைத்தான் காட்டிக் கொடுத்தது.